“ஒன்றும் செய்யவில்லை” என்று ஏன் சொன்னீர்கள்?

கேள்வி: நேற்று விடாத மழை. காலையில் குடையோடு போய் வங்கி வேலை, அம்மாவுக்கு மருந்து, அனுப்ப வேண்டிய ஒரு பார்சல் என்று மூன்றையும் முடித்தேன். திரும்பி வந்து துணிகளை வீட்டுக்குள்ளேயே கொடி கட்டிக் காயப்போட்டேன், அடுப்படியைத் தேய்த்தேன், ஓர் அலமாரியை ஒழித்து அடுக்கினேன். மதியத்துக்கு மேல் இரண்டு பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் பார்த்தேன். இரண்டாவது படத்தின் பாதியில் தூங்கிவிட்டேன். மாலையில் வீட்டில் உள்ளவர்கள் வந்து “இன்று என்ன செய்தாய்?” என்று கேட்டபோது “ஒன்றும் செய்யவில்லை” என்றேன். ஒரு நாளை வீணாக்கிவிட்டோமே என்று இரவெல்லாம் உறுத்தல். நான் சோம்பேறி ஆகிவிட்டேனா?

பதில்: வெளிவேலை மூன்று, வீட்டுவேலை மூன்று. உங்கள் கடிதத்திலிருந்தே எண்ணினேன். ஆறு வேலைகளை வரிசையாக எழுதிவிட்டு, அதே கடிதத்தில் “ஒன்றும் செய்யவில்லை” என்றும் எழுதுகிறீர்கள். எனக்குக் கோபம் வருவது அந்தப் பதிலின் மீதுதான். படம் பார்த்ததில் எந்தத் தவறும் இல்லை.

இந்தப் பழக்கம் உங்களிடம் மட்டும் இல்லை. நாடுகளின் மொத்த உற்பத்தியைக் கணக்கிடும் சர்வதேச முறையே அப்படித்தான் இருக்கிறது. சம்பளத்துக்கு ஒருவர் வந்து அடுப்படியைத் தேய்த்தால் அது கணக்கில் ஏறும். அதையே நீங்கள் உங்கள் வீட்டில் செய்தால் ஏறாது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018-ல் வெளியிட்ட அறிக்கை, தான் கணக்கெடுத்த 64 நாடுகளில் நாள் ஒன்றுக்கு 1,640 கோடி மணி நேரம் ஊதியமில்லாத வீட்டு வேலையிலும் பராமரிப்பிலும் கழிகிறது என்கிறது. 200 கோடிப் பேர் கூலி வாங்காமல் தினம் எட்டு மணி நேரம் உழைப்பதற்குச் சமம் அது. அந்த நேரத்தில் 76.2 சதவீதம் பெண்களுடையது. நீங்கள் ஆணா பெண்ணா என்று கடிதத்தில் இல்லை. யாராக இருந்தாலும் நேற்றைய உழைப்பு இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான்.

அதிலும் மழைநாளில் வீட்டுவேலை கூடுதல் பாரம். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் துணியிலிருந்து தண்ணீர் எளிதில் பிரியாது. துணிக்குத் துணி இடைவெளி விட்டு, மின்விசிறியை ஓடவிட்டு, மடிப்பைத் திருப்பித் திருப்பிப் போட வேண்டும். கொஞ்சம் விட்டாலும் முடைநாற்றம் வந்துவிடும். இத்தனையும் செய்த கை, மதியத்துக்கு மேல் கொஞ்சம் ஓய்ந்தால் உறுத்த வேண்டுமா?

இனி படம். பழைய படம் பார்ப்பதைப் பொழுதைக் கொல்லுவதாக நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. உங்கள் திரைக்கு அது எப்படி வந்து சேர்ந்தது என்று பாருங்கள். 1950களின் தொடக்கம் வரை பெரும்பாலான திரைப்படங்கள் நைட்ரேட் பிலிமில் இருந்தன. சுலபமாகத் தீப்பற்றும். பற்றாவிட்டாலும் ஈரமும் சூடும் பட்டால் பிசுபிசுத்து, ஒட்டிக்கொண்டு, கடைசியில் பொடியாக உதிரும். அமெரிக்காவில் எடுத்த முழுநீள மௌனப் படங்களில் சுமார் 70 சதவீதம் அடியோடு அழிந்துவிட்டதாக அந்நாட்டு நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகத்தின் 2013-ஆம் ஆண்டு ஆய்வு சொல்கிறது. மிஞ்சிய பழைய படங்கள் பல மிஞ்சியது, ஆவணக் காப்பகங்களில் யாரோ குளிரான, ஈரம் இல்லாத அறைகளில் டப்பாக்களை அடுக்கி, அவ்வப்போது திறந்து பார்த்து, கெட்ட சுருளை நல்லதிலிருந்து பிரித்து வைத்து, கிழிந்த ஓரத்தை ஒட்டியதால்தான். தூசி தட்டுவது, அடுக்குவது, ஒழிப்பது. நீங்கள் நேற்று அலமாரியில் செய்த அதே வேலை. அவர்களில் யாரும் மாலையில் “ஒன்றும் செய்யவில்லை” என்று சொல்லியிருந்தால் எனக்கு அது பொறுக்காது.

அப்படி வந்த படத்தை அதற்குரிய மரியாதையோடு பாருங்கள் என்பதுதான் உங்களிடம் என் வேண்டுகோள். தொலைக்காட்சிப் பெட்டி படத்தை அகலவாக்கில் இழுத்து நிரப்பினால் முகங்களெல்லாம் ஊதித் தெரியும். பழைய படத்தின் சட்டகம் கிட்டத்தட்டச் சதுரமானது. இரு பக்கமும் கறுப்புப் பட்டை விழுவதுதான் சரி. பெட்டியின் செட்டிங்ஸில் போய் அதை மாற்றுங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதி இருந்தால் அதையும் நிறுத்துங்கள். நொடிக்கு 24 தனிப்படங்களாக எடுத்த சினிமாவில் இல்லாத படங்களை இடையில் நுழைத்து, அதைத் தொலைக்காட்சி நாடகம்போல ஆக்கிவிடும்.

மழைக்காட்சி வந்தால் விளக்கு எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். முன்னாலிருந்து ஒளி அடித்தால் மழை கேமராவில் சரியாகப் பதியாது. துளிகளுக்குப் பின்னாலிருந்து ஒளி வந்தால்தான் ஒவ்வொரு தாரையும் வெள்ளைக் கோடாக எழும்பும். கறுப்பு வெள்ளைப் படங்களின் ஒளிப்பதிவாளர்கள் இதில் கெட்டிக்காரர்கள். வெளியே நிஜ மழை பெய்யும்போது இதைப் பார்ப்பது தனி சுகம். எனக்கு மிகவும் பிடித்த சுகம் அது.

தூங்கியதற்காக வருந்த வேண்டாம், ஆறு வேலை முடித்த உடம்பு அது. ஆனால் அந்த இரண்டாவது படத்தை அடுத்த மழை வரட்டும் என்று ஒத்திப்போடாதீர்கள். இந்த வாரமே முதலிலிருந்து பாருங்கள். கொடியில் காயும் துணியை, “என்ன செய்தாய்?” என்று கேட்டவர்கள் மடித்து வைக்கட்டும்.