வீட்டை இப்போதே அண்ணன் பெயருக்கு மாற்றிவிடலாமா?

கேள்வி: மலேசியாவின் பட்டர்வொர்த்தில் இருக்கிறோம். அப்பாவுக்கு 76 வயது, அம்மாவுக்கு 70. கடன் இல்லாத தரை வீடு அப்பா பெயரில் இருக்கிறது. கொஞ்ச நாளாக அப்பா சொன்னதையே திரும்பச் சொல்கிறார். "உயில், கோர்ட் என்று அலையாதீர்கள். வீட்டை இப்போதே பெரியவன் பெயருக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் பின்னால் வரி கட்டி மாளாது" என்கிறார் அத்தை. பிள்ளைகள் மூவர்: அண்ணன், நான், சிங்கப்பூரில் இருக்கும் தம்பி. என்ன செய்யலாம்?

பதில்: வேண்டாம் சகோதரி. வீடு அப்பா பெயரிலேயே இருக்கட்டும். உயிலை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

அத்தை பயப்படும் வரி இன்று இல்லை. மரணச் சொத்து வரியை 1991 நவம்பரிலேயே எடுத்துவிட்டார்கள். பெற்றோர் பிள்ளைக்கு அன்பளிப்பாக வீட்டை மாற்றினாலும், பிள்ளை மலேசியக் குடிமகனாக இருந்தால் முதல் ஒரு மில்லியன் வெள்ளிக்கு (ரிங்கிட்) முத்திரை வரி கிடையாது. செலவு குறைவு என்பதால்தான் பலர் அவசரப்பட்டு மாற்றிவிடுகிறார்கள். அண்ணன் நல்லவராகவே இருக்கட்டும். அவர் திவாலானால் கடன்காரர்கள் கை வைப்பது அந்த வீட்டில்தான். உங்கள் அம்மா இருக்கும் கூரை அது.

உயிலே இல்லாமல் அப்பா போய்விட்டால் 1958 ஆம் ஆண்டு பகிர்வுச் சட்டப்படிதான் பங்கு. அப்பாவைப் பெற்றவர்கள் இல்லாத நிலையில் அம்மாவுக்கு மூன்றில் ஒன்று, மீதி மூன்றில் இரண்டு பிள்ளைகள் மூவருக்கும் சமமாக. அதாவது ஒரே வீட்டில் நாலு பேர் பங்குதாரர்கள். மொத்தச் சொத்து ஐந்து மில்லியன் வெள்ளிக்குள் என்றால் நில அலுவலகத்திலேயே முடிக்கலாம். ஆனால் நாலு பேரும் ஒத்துப்போக வேண்டும். அம்மா அங்கேயே இருக்க நினைத்து, ஒருவர் விற்கச் சொன்னால் அங்கேதான் சண்டை ஆரம்பம். அதனால் அம்மா உயிரோடு இருக்கும்வரை வீடு அவர் அனுபவத்தில், அப்புறம்தான் பிள்ளைகளுக்கு என்று உயிலில் எழுதச் சொல்லுங்கள். (இதெல்லாம் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு. தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்கு ஃபராயித் என்ற இஸ்லாமிய வாரிசுரிமை முறை, அது வேறு.)

கையெழுத்துப் போடும் நாளில் கவனமாக இருங்கள். இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் அப்பா எதிரில் இருக்க வேண்டும். அப்பா கையெழுத்துப் போடுவதை இருவரும் பார்த்து, அவர் முன்னாலேயே கையெழுத்திட வேண்டும். அன்று காரில் அழைத்துப்போன உங்கள் கணவரையே "நீங்களே போட்டுவிடுங்கள்" என்று உட்கார வைத்தால் உயில் செல்லும், ஆனால் உங்களுக்கு எழுதியது உங்களுக்குக் கிடைக்காது. பயனடைகிறவரும் அவர் கணவரோ மனைவியோ சாட்சியாக நிற்கக் கூடாது.

அப்பாவின் மறதியைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். மறதி வந்த உடனே உயில் எழுதும் தகுதி போய்விடாது. என்ன சொத்து, யார் யார் வாரிசு, யாருக்கு என்ன தருகிறோம் என்று அவருக்குப் புரிந்தால் போதும். முதலில் டாக்டரிடம் காட்டி, அப்பாவுக்குத் தெளிவு இருக்கிறது என்று எழுத்தில் வாங்குங்கள். அதே வாரத்தில் உயிலை முடியுங்கள். வழக்கறிஞர் அப்பாவிடம் தனியாகப் பேசட்டும், பிள்ளைகள் யாரும் பக்கத்தில் இருக்க வேண்டாம். பின்னால் யாராவது வழக்குப் போட்டால் இந்த இரண்டும்தான் காப்பாற்றும்.

"பவர் ஆஃப் அட்டர்னி வாங்கிக்கொள்கிறோம், போதாதா?" என்று சிலர் கேட்பார்கள். சிங்கப்பூரில் மனத்தெளிவு போன பிறகும் செல்லும் அதிகாரப் பத்திரம் உண்டு. உங்கள் தம்பி அதைப் பார்த்திருப்பார். மலேசியாவில் அது இல்லை. இங்கே சாதாரணப் பத்திரம் அப்பாவின் தெளிவு போனதும் செல்லாது, இறந்தாலும் செல்லாது. தெளிவு போன பிறகு 2001 ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் கீழ் உயர்நீதிமன்றத்தில் மனுப் போட்டுத்தான் அவர் பணத்தைத் தொட முடியும். அம்மா பெயரில் தனியாக ஒரு கணக்கு இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அதில் சில மாதச் செலவுக்காவது பணம் இருக்க வேண்டும்.

ஊழியர் சேமநிதியில் அப்பாவுக்குப் பணம் இருந்தால், அது உயிலில் வராது. அங்கே யாரை நியமித்திருக்கிறாரோ அவருக்குத்தான். வேலையில் சேர்ந்த புதிதில் பாட்டி பெயரைக் கொடுத்து அப்படியே விட்டவர்கள் நிறைய. அப்பாவை அழைத்துப்போய் அம்மா பெயருக்கு மாற்றுங்கள், இன்ஷூரன்ஸ் பாலிசியிலும் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். உயிலை நிறைவேற்றும் நிர்வாகியாக மலேசியாவிலேயே இருப்பவரைப் போடுங்கள். நீதிமன்றம் கேட்பது அசல் உயிலை, நகலை அல்ல. அது எங்கே இருக்கிறது என்று அவருக்கும் அம்மாவுக்கும் சொல்லி வையுங்கள்.