ஆட்டோமேட்டிக் கார்: ஓடும்போது என்-னிலிருந்து (நியூட்ரல்) டி-க்குப் (டிரைவ்) போட்டால் உதைக்கிறது

ஓடும்போது என் போட்டுவிட்டுத் திரும்ப டி போட்டால் வண்டி உதைக்கிறதே, கியர்பாக்ஸ் கெட்டுவிடுமா என்று பயப்படுகிறீர்களா? ஓடும் வண்டியை ஓரிரு முறை என்-க்குத் தள்ளியதால் கியர்பாக்ஸ் கெட்டுவிடாது. ஆனால் மைலேஜுக்காக இறக்கத்தில் தினமும் அப்படிச் செய்வதை நிறுத்துங்கள், மிச்சம் ஒன்றும் இல்லை. டி-யில் ஆக்சிலரேட்டரை விட்டால் சக்கரமே இன்ஜினைச் சுழற்றும். அப்போது பெரும்பாலான இன்றைய கார்களில் இன்ஜெக்டர் (பெட்ரோலைத் தெளிக்கும் கருவி) பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். என்-னில் இன்ஜின் சும்மா ஓடுவதற்கே (ஐடிலிங்) பெட்ரோல் எரிந்தே ஆக வேண்டும், இன்ஜினே வண்டியின் வேகத்தை இழுத்துப் பிடிக்கும் இன்ஜின் பிரேக்கும் போச்சு.

திரும்ப டி போடும்போது வரும் அந்த 'டக்' உதைக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்: உதாரணமாக, இன்ஜின் 800 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 800 சுற்று) சும்மா ஓடுகிறது, வண்டி ஓடும் வேகத்துக்கு 1,800 வேண்டும். அந்த வித்தியாசத்தை உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகள் உரசித் தாங்குகின்றன.

ஒரு சோதனை:

1. வண்டியை நிறுத்தி, இன்ஜின் சூடான பிறகு, பிரேக்கை அழுத்தியபடி என்-னிலிருந்து டி-க்கு மாற்றுங்கள்.
2. லேசான அசைவு மட்டும் என்றால் கவலை வேண்டாம்.
3. அப்போதும் உதைத்தால் கியர்பாக்ஸ் ஆயில், இன்ஜின் மவுன்ட் (இன்ஜினைத் தாங்கும் பிடிப்பு) இரண்டையும் மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆக்சிலரேட்டர் சிக்கிக்கொண்டால் மட்டும் யோசிக்காமல் என் போடுங்கள். இன்ஜின் அலறும், அலறட்டும்; சுற்று எல்லை மீறாமல் தடுக்கும் ரெவ் லிமிட்டர் பார்த்துக்கொள்ளும். வண்டி நிற்கும்வரை சாவியை அணைக்காதீர்கள், ஸ்டீயரிங் கனத்துவிடும். பல வண்டிகளில் டி-யிலிருந்து என்-க்கு லீவர் பட்டனை அழுத்தத் தேவையில்லை; அழுத்தினால் கை தவறி ஆர் (ரிவர்ஸ்) பக்கம் போகலாம். எலக்ட்ரானிக் லீவர் என்றால் என்-னில் சற்றுநேரம் பிடிக்க வேண்டியிருக்கலாம், மேனுவலைப் பாருங்கள்.