ஹில்டா ஒக்டனுக்கு முன்னால் பதினைந்து ஆண்டுகள்

அன்புள்ள அம்மா,

உங்கள் நான்கு பக்கக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் பன்னிரண்டாம் ஆண்டில் இருக்கிறாள். வேதியியல், உயிரியல், ஆங்கில இலக்கியம் மூன்றிலும் நல்ல புள்ளிகள். போன மாதம் வரை மருந்தியல் படிக்கப்போவதாகச் சொன்னவள், இப்போது நடிப்புப் பள்ளிக்கு விண்ணப்பிக்கப்போகிறேன் என்கிறாள். ஏன் என்று கேட்டால், சிறு வயதிலிருந்து அம்மம்மாவோடு உட்கார்ந்து பார்த்த தொலைக்காட்சித் தொடர்தான் காரணம் என்கிறாள். 83 கலவரத்துக்குப் பின் லண்டன் வந்த அம்மம்மாவுக்கு ஆங்கிலம் வந்ததே கொரோனேஷன் ஸ்ட்ரீட் என்ற அந்தத் தொடரைப் பார்த்துத்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். சிரித்துவிட்டேன். என் மாமியார் ஆங்கிலத்தில் சண்டை போடக் கற்றுக்கொண்டதும் அதே தெருவில்தான்.

"தொடரில் நடித்து ஒரு பெண் காலம் தள்ள முடியுமா? நேராகச் சொல்லுங்கள்" என்று கேட்கிறீர்கள். முடியும், மிகச் சிலருக்கு. அந்தச் சிலரில் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்: அதே தொடரில் ஹில்டா ஒக்டன் என்ற பாத்திரத்தில் நடித்த ஜீன் அலெக்ஸாண்டர். நட்சத்திரத்தின் கதையாக வாசிக்காமல், ஒரு தொழிலாளியின் பணிப்பதிவேட்டைப் புரட்டுவதுபோல வாசியுங்கள்.

ஜீன் அலெக்ஸாண்டர் 1926 அக்டோபரில் லிவர்பூலின் டொக்ஸ்டெத் பகுதியில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் மார்கரெட் ஜீன் ஹாட்ஜ்கின்சன். தந்தை மின்பணியாளர். சிறு வயதிலேயே நடிப்பில் ஆசை; ஆனால் பள்ளி முடிந்ததும் போனது நூலக உதவியாளர் வேலைக்கு. சுமார் ஐந்து ஆண்டுகள் அங்கே இருந்தார். 1949-இல், இருபத்திரண்டு வயதில், மேக்கிள்ஸ்ஃபீல்ட் என்ற ஊரிலிருந்த ஒரு நாடகக் குழுவில் சேர்ந்தார். அங்கிருந்து ஓல்டம், ஸ்டாக்போர்ட், சவுத்போர்ட், யார்க் என்று ஊர் ஊராக நாடகம்.

இந்த ஊர் நாடகத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும், உங்கள் கேள்விக்கான விடை இதற்குள்தான் இருக்கிறது. ரெப்பர்டரி, சுருக்கமாக 'ரெப்' என்பார்கள். ஓர் ஊருக்கு ஒரு நிலையான குழு இருக்கும். பெரும்பாலும் வாரத்துக்கு ஒரு புது நாடகம். இரவில் இந்த வார நாடகத்தை மேடையேற்ற வேண்டும். பகலில் அடுத்த வார நாடகத்துக்கு ஒத்திகை. படுக்கப்போகும் முன் வசனம் மனப்பாடம். வேடம் சிறிதாக இருக்கும் வாரத்தில் உடுப்புத் தைக்க வேண்டும், மேடைப் பொருள்களை எடுத்துவைக்க வேண்டும், திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுக்க வேண்டும். சம்பளம் சொற்பம். தங்குவது வாடகை அறையில். இந்த வாரம் பாட்டி, அடுத்த வாரம் பணிப்பெண், அதற்கடுத்த வாரம் ஒரு பிரபுவின் மனைவி. நன்றாக நடிக்க நேரம் இருக்காது. ஆனால் எப்படியும் நடித்தே ஆக வேண்டும். பத்து ஆண்டுகள் இதைச் செய்தவருக்கு நடுக்கம் போய்விடும். கையும் குரலும் தாமாக வேலை செய்யும்.

பிறகு தொலைக்காட்சி. கொரோனேஷன் ஸ்ட்ரீட் 1960 டிசம்பரில் மான்செஸ்டரில் தொடங்கியது. 1962-இல் அலெக்ஸாண்டர் அதில் ஒரு சிறு வேடத்தில் வந்துபோனார். வீட்டை வாடகைக்கு விடும் ஒரு பெண், சில காட்சிகள், அவ்வளவுதான். 1964-இல் மறுபடி அழைத்தார்கள். இந்த முறை பெயர் ஹில்டா ஒக்டன். அப்போது அவருக்கு வயது முப்பத்தேழு. நாடகக் குழுவில் கால் வைத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதே 1964-இல் அந்தத் தெருவில் வேறொன்றும் நடந்தது. உங்கள் மகளிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். புதிதாக வந்த தயாரிப்பாளர் டிம் ஆஸ்பினால் பல பாத்திரங்களை ஒரேயடியாக நீக்கினார். மார்த்தா லாங்ஹர்ஸ்ட் என்ற பாத்திரத்தில் நடித்த லின் கரோல் தொடக்க காலத்திலிருந்தே இருந்தவர், மக்களுக்குப் பிடித்தவர். மே மாதத்தில் ரோவர்ஸ் ரிட்டர்ன் மதுக்கடையின் சிறிய அறையில், மேசையில் சாய்ந்தபடி மார்த்தா மாரடைப்பில் இறந்துபோனாள். இரண்டே மாதத்தில் ஹில்டா வந்து சேர்ந்தாள். நன்றாக நடித்தவருக்கு வேலை போயிற்று, நன்றாக நடித்தவருக்கே வேலை கிடைத்தது. தொடர் நடிப்பு மாதச் சம்பளம்போலத் தோன்றும்; உண்மையில் அது ஒப்பந்தம். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காவிட்டால் உங்களைக் கதாசிரியர் ரயிலேற்றி அனுப்பிவிடுவார், அல்லது கொன்றுவிடுவார். எந்த மருந்துக்கடையிலும் இப்படி வேலை போவதில்லை என்பது உங்கள் பக்கத்து நியாயம். ஒப்புக்கொள்கிறேன்.

இனி நடிப்பைப் பற்றி. ஹில்டா, ஸ்டான் என்ற சோம்பேறிக் கணவனைக் கட்டிக்கொண்டு மதுக்கடையில் தரை துடைப்பவள். ஊர் வம்பெல்லாம் அவள் வாயில். தலையில் முடி சுருட்டும் கிளிப்புகள், மேலே இறுகக் கட்டிய துணி, பூப்போட்ட மேலங்கி. கிளிப்புகள் எங்கிருந்து வந்தன தெரியுமா? போர்க்காலத்தில் ஆயுதத் தொழிற்சாலைக்குப் போன பெண்களை அலெக்ஸாண்டர் பார்த்திருக்கிறார். சாயங்காலம் யாராவது வெளியே அழைத்தால் தலை அழகாக இருக்க வேண்டுமே என்று, துணிக்கு அடியில் கிளிப்பு மாட்டிக்கொண்டே வேலை செய்வார்களாம். ஹில்டாவை யாரும் எங்கேயும் அழைப்பதில்லை. அதனால் அவள் கிளிப்பு கழலவே இல்லை. இருபது வயதுக்குள் தெருவில் பார்த்ததை இத்தனை ஆண்டுகள் பத்திரப்படுத்தி, தேவைப்பட்ட நாளில் எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். நூலகத்தில் கழிந்த ஐந்து ஆண்டுகளும் வீணாகியிருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது; மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஊராரைப் பார்க்க அதைவிட நல்ல இடம் ஏது?

1984-இல் ஸ்டானாக நடித்த பெர்னார்ட் யூவன்ஸ் காலமானார். தொடரிலும் ஸ்டான் இறந்தான். அடக்கம் முடிந்து ஹில்டா தனியே வீட்டில். மருத்துவமனை கொடுத்த ஒரு பொட்டலம் மேசைமேல் கிடக்கிறது. கணவன் விட்டுச்சென்ற பொருள்கள். பிரிக்கிறாள். உள்ளே அவனுடைய மூக்குக்கண்ணாடிக் கூடு. அதுவரை தாங்கிக்கொண்டிருந்தவள் அதைக் கையில் எடுத்ததும் உடைந்துபோகிறாள். நீண்ட வசனம் கிடையாது. ராயல் டெலிவிஷன் சொசைட்டி அடுத்த ஆண்டு அவருக்கு விருது கொடுத்தது. அந்தக் காட்சியை இணையத்தில் தேடி மகளோடு உட்கார்ந்து பாருங்கள். பார்த்து முடித்ததும், அழுதது நன்றாக இருந்தது என்று சொல்கிறாளா, பொட்டலத்தைப் பிரிக்கும் கைகளைப் பற்றிச் சொல்கிறாளா என்று கவனியுங்கள். கைகளைப் பற்றிச் சொன்னால் எனக்கு உடனே தொலைபேசியில் அழையுங்கள்.

1987 நத்தார் நாளில் ஹில்டா தெருவை விட்டுப் போனாள். விலகும் முடிவு அலெக்ஸாண்டருடையது. தொடரின் அந்தப் பகுதியைப் பார்த்தவர்கள், மறு ஒளிபரப்பையும் சேர்த்து, இரண்டரைக் கோடிக்கும் மேல். அப்போது அவருக்கு அறுபத்தொன்று. அத்தோடு அடங்கிவிடவில்லை; அடுத்த ஆண்டே லாஸ்ட் ஆஃப் த சம்மர் வைன் என்ற நகைச்சுவைத் தொடரில் பழைய சாமான் கடை நடத்தும் ஆன்ட்டி வெயின்ரைட்டாக வந்தார். 2010-இல் அந்தத் தொடர் முடியும் வரை இருந்தார். சவுத்போர்ட்டில் ஆரவாரமில்லாமல் வாழ்ந்து, 2016 அக்டோபரில், தொண்ணூறு நிறைந்த மூன்றாம் நாள் காலமானார். திருமணம் செய்துகொள்ளவில்லை, இதைப் படித்துவிட்டு நீங்கள் பெருமூச்சு விடுவது எனக்குக் கேட்கிறது. நடிப்புக்கும் அதற்கும் முடிச்சுப் போடாதீர்கள்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். அலெக்ஸாண்டரைப் பயிற்றுவித்த அந்த வாராந்தர நாடகக் குழுக்கள் இன்று இல்லை. தொலைக்காட்சி பரவப் பரவ அவை மூடப்பட்டன. ஆகவே எந்த நடிப்புப் பள்ளி என்பதை இரண்டாவதாக யோசிக்கலாம். சுமாரான வேடங்களில், யாரும் பார்க்காத இடங்களில், திரும்பத் திரும்ப நடித்துப் பழக உங்கள் மகளுக்கு எங்கே இடம் கிடைக்கும் என்பதுதான் முதல் கேள்வி.

பாடங்களை மாற்ற வேண்டாம். நடிப்புப் பள்ளிகள் பெரும்பாலும் நேர்முக நடிப்புத் தேர்வை வைத்தே எடுக்கின்றன. வேதியியல் படித்தாள் என்று யாரும் கதவைச் சாத்தமாட்டார்கள். பொதுவாக ஒரு பழைய நாடகத்திலிருந்து ஒன்று, தற்கால நாடகத்திலிருந்து ஒன்று என இரண்டு தனி வசனங்கள் கேட்பார்கள். லண்டனில் உள்ள ராடா என்ற புகழ்பெற்ற நடிப்புப் பள்ளி போன்ற இடத்தில் நடிப்புப் பட்டத்துக்கு ஆண்டுக்கு முப்பது பேருக்கும் குறைவாகத்தான் எடுக்கிறார்கள், விண்ணப்பிப்பவர்களோ ஆயிரக்கணக்கில். முதல் ஆண்டு கிடைக்காமல் அடுத்த ஆண்டு மறுபடி போகிறவர்கள் ஏராளம். அதைத் தோல்வி என்று வீட்டில் யாரும் சொல்லிவிடக் கூடாது, குறிப்பாக அவளுடைய சித்தப்பா. அங்கீகாரம் பெற்ற பட்டப்படிப்பாக இருந்தால் மற்றப் படிப்புகளுக்குக் கிடைக்கும் மாணவர் கடன் இதற்கும் உண்டு. ஒவ்வொரு பள்ளியிடமும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பல்கலைக்கழகம் வழியாகவும் போகலாம். கொரோனேஷன் ஸ்ட்ரீட்டில் 2001 முதல் சுனிதாவாக நடித்த ஷோப்னா குலாட்டி ஓல்டமில் பிறந்தவர், இந்தியப் பெற்றோரின் மகள். அவர் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் படித்தது அரபு மொழியும் மத்திய கிழக்கு அரசியலும். நம் முகத்துக்கு அங்கே இடம் இருக்கிறதா என்ற உங்கள் இன்னொரு கேள்விக்கும் அவர் ஒரு பதில். முழுப் பதில் என்று சொல்லமாட்டேன். வேடங்கள் கூடியிருக்கின்றன, நிறையவில்லை.

என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், நடிக்க வேண்டும் என்று வந்த ஒரு பையனிடம், "முதலில் பட்டம் வாங்கு, பிறகு பார்க்கலாம்" என்றேன். அவன் பெற்றோர் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்கள். பையனும் சொன்ன சொல் தட்டாமல் பொறியியல் முடித்தான். அந்த மூன்று ஆண்டுகளில் ஒரு தடவைகூட மேடை ஏறவில்லை. ஏறு என்று நான் சொல்லவில்லையே. திரும்பி வந்தபோது அவனிடம் ஆசை மட்டும் இருந்தது, பழக்கம் ஒன்றும் இல்லை. ஆகவே உங்கள் மகள் மருந்தியலுக்கே போனாலும், முதல் வாரத்திலேயே அங்குள்ள மாணவர் நாடகக் கழகத்தில் பெயர் கொடுக்கட்டும்.

பணம் பறிப்பவர்களிடம் கவனமாக இருங்கள். நல்ல ஏஜென்ட் வேலை வாங்கிக் கொடுத்து, சம்பளத்திலிருந்து கமிஷன் எடுப்பார். சேர்த்துக்கொள்ளவே முன்பணம் கொடு, எங்களிடமே புகைப்படம் எடு என்று சொல்லும் ஆள் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் எழுந்து வந்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் நடிகர் சங்கமான ஈக்விட்டியைக் கேட்கலாம்.

இந்தக் கோடை விடுமுறைக்கு ஒரே ஒரு வேலை கொடுக்கிறேன். உங்கள் பகுதியில் இருக்கும் ஏதாவது ஒரு தன்னார்வ நாடகக் குழுவில் அவள் சேரட்டும், நடிக்க அல்ல, உடுப்புகளையும் மேடைப் பொருள்களையும் கவனித்துக்கொள்ள. ஆறு வாரம், குறித்த நேரத்துக்கு, பஸ் பிடித்து அவளே போய்வர வேண்டும். நீங்கள் காரில் கொண்டுபோய் விடக் கூடாது. மூன்றாம் வாரத்தில் தலைவலி வருகிறதா என்று பார்ப்போம்.

செப்டம்பர் முதல் சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு மூவருமாக வாருங்கள். அம்மம்மா வர மறுத்தாலும் எப்படியாவது கூட்டி வாருங்கள். அந்த மூக்குக்கண்ணாடிக் கூடு திரையில் வந்த 1984-இல் அவர் இந்த ஊருக்குப் புதிது. வசனம் பாதி புரிந்திருக்காது. அன்று அவர் என்ன பார்த்தார் என்று உங்கள் மகள் முன்னால் வைத்து அவரிடம் கேட்க வேண்டும்.