துண்டு போட்ட இடம்

அன்புள்ள சார்,

சிங்கப்பூர் போய்வந்ததைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் புகழ்ந்துவிட்டு, கடைசியில் 'ஆனால் அங்கே குடியிருக்க மாட்டேன்' என்று முடித்திருக்கிறீர்கள். ரசிக்கத் தெரிந்தவருக்கு வாழ்வதில் என்ன கஷ்டம்? குப்பையையும் ஹாரன் சத்தத்தையும் 'உயிர்ப்பு' என்று கொண்டாடும் எழுத்தாளர்களில் நீங்களும் ஒருவரா? ஒழுங்கு அவர்கள் ரத்தத்தில் இருக்கிறது, நமக்கு இல்லை. ஒப்புக்கொண்டால் என்ன?

எம்., ஆதம்பாக்கம்

அன்புள்ள எம்.,

குப்பையில் உயிர்ப்பு எதுவும் இல்லை. கூவம் பாலத்தை பஸ்ஸில் கடக்கும்போது நானும் மூக்கைப் பொத்திக்கொள்கிறவன்தான். சிங்கப்பூர் நதியும் ஒரு காலத்தில் நாறிக்கொண்டிருந்தது. 1977-ல் அப்போதைய பிரதமர் லீ குவான் யூ பத்து வருடம் கெடு வைத்தார். குடிசைகள், தெருவோரச் சாப்பாட்டுக் கடைகள், பன்றிப் பண்ணைகள் எல்லாம் இடம் மாற்றப்பட்டன. 1987-ல் நதி சுத்தமாகிவிட்டது. அந்தக் கரையில் உட்கார்ந்திருந்த மாலையில் எனக்கு வந்ததை ரசனை என்று எழுதியிருந்தேன். உண்மையில் அது வயிற்றெரிச்சல்.

ரத்தம் என்கிறீர்களே, அதை மட்டும் ஏற்க முடியாது. அங்கே ஹாக்கர் சென்டரில், அதாவது பல கடைகள் சேர்ந்த பொதுச் சாப்பாட்டுக் கூடத்தில், சாப்பிட்ட தட்டை நாமே எடுத்து வைக்க வேண்டும். வருடக்கணக்கில் சொல்லிச் சொல்லிப் பார்த்து, சரிப்படாமல், 2021-ல் அபராதம் என்று ஆக்கினார்கள். ரத்தத்தில் இருந்தால் அபராதம் எதற்கு? (அதே இடத்தில் மேசைமேல் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டுப் போனால் அந்த நாற்காலி உங்களுடையது. ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு பஸ்ஸில் இடம் பிடித்த பரம்பரையில் வந்தவனுக்குக் கண் கலங்கிவிட்டது.) நம் மெட்ரோவையே பாருங்கள். பாக்கு மென்றுகொண்டு வருகிறவர்கூட உள்ளே வாயை மூடிக்கொண்டுதான் நிற்கிறார். அவருக்கு என்ன, ரத்தமா மாற்றினார்கள்?

சரி, அப்புறம் ஏன் இருக்க மாட்டேன்?

சிங்கப்பூரில் ராத்திரி பதினொன்றரை மணி, சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிக்னல். சாலையில் ஒரு வண்டி இல்லை. சிவப்பு விளக்குக்காக ஐந்து பேர் நின்றோம். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை, பார்க்கத் தேவையும் இல்லை. பச்சை விழுந்ததும் போனோம். அவ்வளவு அழகாக இருந்தது.

இங்கே மயிலாப்பூர் லஸ் முனையில் சாலையைக் கடக்க நான் கையைத் தூக்கிக்கொண்டு இறங்குவேன். வேன்காரர் கண்ணைப் பார்க்க வேண்டும். அவர் முணுமுணுத்தபடி வேகத்தைக் குறைப்பார். ஆட்டோ என் முதுகை உரசிக்கொண்டு போகும். 'தம்பி, நானும் கூட வரேன்' என்று ஒரு பாட்டி என் நிழலில் ஒட்டிக்கொள்வார். ஒவ்வொரு தடவையும் புதுசாக ஒரு பேரம்.

சிங்கப்பூரில் அந்தப் பேரத்தை எல்லாம் எப்போதோ பேசி முடித்துவிட்டார்கள். கார் வேண்டுமென்றால் முதலில் பத்து வருட உரிமையை ஏலத்தில் எடு. அரசு அடுக்குமாடியில் எந்த இனத்தவர் எத்தனை வீடு வாங்கலாம் என்பதற்கு 1989 முதல் வரம்பு. கொடுத்தது அவர்கள், பெற்றதும் அவர்கள். நான் போய் உட்கார்ந்தது கல்யாண வீட்டுப் பந்தியில். சாப்பாடு பிரமாதம்தான், ஆனால் அதற்காகச் சம்பந்தி வீட்டிலேயே தங்கிவிட முடியுமா?

என் பேரம் இங்கே பாதியில் நிற்கிறது. எங்கள் தெரு நடைபாதையை அடைத்திருக்கும் டீக்கடை பெஞ்சை எடுக்கச் சொல்லி மனு கொடுத்திருக்கிறேன். தினமும் காலையில் அந்த பெஞ்சில் உட்கார்ந்துதான் டீ குடிக்கிறேன். கடைக்காரருக்கு மனு விஷயம் தெரியும். சர்க்கரை மட்டும் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

இவ்வளவு பேசினாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அம்மாவுக்கு 76 வயது. சாலையைக் கடப்பதை நிறுத்தி மூன்று வருடமாகிறது. எதிர்ச்சாரியில் இருக்கும் கோயிலுக்கு ஆட்டோ பிடித்துச் சுற்றிப் போகிறார். உங்கள் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

'உனக்கு வேண்டாம்னா போ. என்னைக் கொண்டுபோய் அங்கே விட்டுட்டு வா' என்றார்.