நாய்க்குட்டி இரவில் எங்கே படுக்கட்டும்?

கேள்வி: 8 வார நாய்க்குட்டி ஒன்றை வளர்க்க வாங்கி வந்திருக்கிறோம். கூடத்தில் படுக்க வைத்தால் இரவெல்லாம் அழுகிறது. 'அழட்டும், பழகிவிடும்' என்கிறார் கணவர். 4 வயது மகளோ தன் கட்டிலில் படுக்க வைக்கச் சொல்கிறாள். என்ன செய்யலாம்?

பதில்: இப்போதைக்கு உங்கள் அறையில், உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் தரையில் படுக்கட்டும். மகளின் கட்டில் வேண்டாம்.

அழ விடுவதைத் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். பிறந்ததிலிருந்து தாயோடும் கூடப் பிறந்த குட்டிகளோடும் ஒட்டிப் படுத்தே தூங்கிய உயிர் அது. அந்தச் சூடும் வாசனையும் திடீரென்று இல்லாமல் போனதால் பயந்து அழுகிறது, அடம் பிடிக்கவில்லை. அழுது அழுது களைத்து அடங்கினால் பழகிவிட்டது என்று அர்த்தமில்லை. தனிமை என்றாலே பயம் என்று மனதில் பதிந்துவிட்டால், வளர்ந்த பிறகும் நீங்கள் வெளியே கிளம்பும்போதெல்லாம் கதவைப் பிறாண்டிக் குரைக்கும் நாயாகிவிடலாம்.

சிறுநீர் விஷயமும் இருக்கிறது. இந்த வயதில் 3 மணி நேரம் அடக்கினாலே பெரிது. பக்கத்தில் இருந்தால் அது நெளிந்து முனகுவது உங்கள் காதில் விழும். உடனே தூக்கிக்கொண்டு போய், கொஞ்சாமல், விளையாட்டுக் காட்டாமல் ஒன்றுக்கு இருக்க விட்டு, மறுபடி படுக்க வையுங்கள். தடுப்பூசிகள் முடியும்வரை தெருவில் இறக்க வேண்டாம். மற்ற நாய்களின் மலத்திலிருந்து பார்வோ வைரஸ் தொற்றும். குட்டிகளின் உயிரையே எடுக்கக்கூடியது அது.

கூண்டோ உயரமான அட்டைப் பெட்டியோ போதும். எழுந்து நிற்க, திரும்ப, காலை நீட்டிப் படுக்க இடமிருந்தால் சரி. ரொம்பப் பெரிதாக இருந்தால் ஒரு மூலையில் சிறுநீர் கழித்துவிட்டு இன்னொரு மூலையில் தூங்கும். கூண்டென்றால், பகலில் கதவைத் திறந்து வைத்து உள்ளேயே சாப்பாடு கொடுத்துப் பழக்குங்கள். இரவில் கழுத்துப்பட்டையைக் கழற்றிவிடுங்கள், கம்பியில் மாட்டிக்கொள்ளும். கெட்டியான துணி விரியுங்கள். மின்சார வயர் எதுவும் எட்டக் கூடாது.

மகளின் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் நாய்க்குட்டிகளுக்குக் குடற்புழு தாயிடமிருந்தே வந்துவிடும். மலத்தில் வெளியேறும் முட்டைகள் சின்னக் குழந்தையின் கை வழியாக வாய்க்குப் போவது எளிது. குட்டிக்கு 12 வாரம் ஆகும்வரை 2 வாரத்துக்கு ஒரு முறை, எடை பார்த்துக் குடற்புழு மருந்து கொடுக்க வேண்டும். தூக்கத்தில் குழந்தை புரண்டு மேலே விழுந்தால் குட்டி மிரண்டு கடிக்கலாம். கட்டிலிலிருந்து விழுந்தால் அதன் கால் முறியலாம். பல்லோ நகமோ பட்டுக் கீறினால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மகளை மருத்துவரிடம் காட்டுங்கள். சின்னக் கீறல்தானே என்று விட்டுவிடாதீர்கள். பகலில் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது அவள் ஆசை தீர விளையாடட்டும்.

ஓரிரு வாரத்தில் குட்டி நிம்மதியாகத் தூங்க ஆரம்பித்ததும், படுக்கையை தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கதவுப் பக்கம் நகர்த்தி, அப்புறம் கூடத்துக்குக் கொண்டு போகலாம். அவசரம் வேண்டாம். அழுகையோடு வாந்தி, ரத்தம் கலந்த பேதி, சாப்பிட மறுப்பது, சோர்ந்து கிடப்பது என்று ஏதாவது தெரிந்தால் மட்டும் விடியும்வரை காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள்.