கல்லாப்பெட்டி பதில்கள்: ஆறிப்போன பீட்சா, ஆறாத கோபம்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி பீட்சாக் கடைகளைப் பற்றியவை. கிருஷ்ணகிரி பழையபேட்டையில் முப்பத்தோரு வருடம் மெஸ் நடத்தியவள் நான், பீட்சா சுட்டதில்லை. ஆனால் சாப்பிட வந்தவர் முகம் சுளித்தால் கல்லாவில் இருப்பவருக்கு எப்படி இருக்க வேண்டும் என்பது தெரியும்.

என் மாமியார் முட்டைகூடத் தொடாதவர். மகன் பிறந்தநாளுக்குக் கிருஷ்ணகிரியில் ஒரு பீட்சாக் கடைக்குப் போனோம். பன்னீர் பீட்சா கேட்டோம். மாமியார் ஒரு துண்டு தின்ற பிறகுதான் உள்ளே கோழி இருப்பது தெரிந்தது. மேலாளர், "மாற்றித் தருகிறோம், பத்து நிமிடம்" என்று சொல்லிவிட்டுச் செல்போனில் பேசப் போய்விட்டார். மாமியார் வாய் கொப்பளித்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். 1,140 ரூபாயும் கட்டிவிட்டு வந்தோம். இரண்டு மாதம் ஆகிறது. இனி ஏதாவது செய்ய முடியுமா?
– வாசகி, பாலக்கோடு

முடியும். அதற்கு முன் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா: ஏன் முழுப் பணத்தையும் கட்டினீர்கள்? ரசத்தில் உப்பு ஒரு கல் கூடிவிட்டதென்று என் மெஸ்ஸில் தெருவுக்கே கேட்கும்படி சத்தம் போட்டவர்கள் உண்டு. அதே ஆட்கள் ஏசி போட்ட கடையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கொடுத்ததைத் தின்றுவிட்டு வருவதையும் பார்த்திருக்கிறேன். கண்ணாடிக் கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று திகைத்து நிற்கும்போதே நம் குரல் பாதி இறங்கிவிடுகிறது.

பில்லைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் செல்போனில் பணம் செலுத்திய பதிவு போதும். பிறந்தநாள் படங்களில் அந்தத் தட்டு எங்காவது தெரிந்தால் அதையும் எடுத்து வையுங்கள். பில்லில் 14 இலக்க உரிம எண் ஒன்று இருக்க வேண்டும். 2022 ஜனவரியிலிருந்து அது கட்டாயம். அந்த எண்ணைக் குறிப்பிட்டு மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலருக்கு எழுதலாம். 1915 என்பது தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் புகாரைப் பதிவு செய்யலாம். இவற்றுக்கு முன்னால் கடைக்கு ஒரு பதிவுத் தபால். தேதி, நேரம், என்ன கேட்டோம், என்ன வந்தது, என்ன வேண்டும் என்று அரைப் பக்கம். வசவு ஒன்றுகூட வேண்டாம். வசவு இருந்தால் அவர்கள் அதற்குத்தான் பதில் எழுதுவார்கள்.

அதற்கும் அசையாவிட்டால் நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறை நேர்ந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். கடை கிருஷ்ணகிரியில் இருந்தாலும் நீங்கள் பாலக்கோட்டில் குடியிருப்பதால் தருமபுரி மாவட்ட ஆணையத்திலேயே மனுக் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஆனால் நாலைந்து முறையாவது தருமபுரிக்குப் பஸ் ஏற வேண்டியிருக்கும். அதற்கும் சம்மதம் என்றால் போடுங்கள்.

மாற்றித் தருகிறோம் என்றாராம் அந்த மேலாளர். தட்டை மாற்றலாம், தின்றதை எப்படி மாற்றுவார்? என் மெஸ்ஸிலும் இது நடந்திருக்கிறது. ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை, முட்டைக் குருமாவில் இருந்த கரண்டியை என் வீட்டுக்காரர் காய்கறிக் குருமாவில் போட்டுவிட்டார். விரதத்தில் இருந்த ஒரு வாத்தியார் இலையிலேயே கையை உதறிவிட்டு எழுந்து போனார். காசு வாங்காமல் விட்டதோடு முடிந்தது என்று எனக்குத் தோன்றவில்லை. மறுநாள் காலை இரண்டு பேரும் அவர் வீட்டு வாசலில் போய் நின்றோம். அவர் ஒன்றும் பேசவில்லை. அவர் மனைவிதான் காபி கொடுத்தார். ஐப்பசி பிறந்ததும் வாத்தியார் மறுபடி சாப்பிட வந்தார். அன்றிலிருந்து முட்டைக் குருமாவின் கரண்டிக் காம்பில் சிவப்பு நூல் கட்டிவைத்தேன். கடையை மூடும் வரை அந்த நூல் இருந்தது.

உங்கள் கடிதத்தில் பணம் வேண்டும் என்று நீங்கள் எங்கேயும் எழுதவில்லை. மாமியாரிடம் அந்த மேலாளர் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பதிவுத் தபாலில் முதல் வரியாக எழுதுங்கள்.

நாங்கள் சாப்பிட்ட பீட்சா உணவகத்தில் பில்லோடு 10 சதவீதம் 'சேவைக் கட்டணம்' சேர்த்திருந்தார்கள். இதுவும் வரிதானா?
– வாசகர், ஓசூர்

வரி இல்லை. பெரும்பாலான உணவகங்களில் ஜிஎஸ்டி 5 சதவீதம், பில்லில் இரண்டரை இரண்டரையாகப் பிரிந்திருக்கும். அதைக் கட்டத்தான் வேண்டும். சேவைக் கட்டணம் கடைக்காரர் தாமாகப் போட்டது. அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டு நெறி வெளியிட்டது. உணவகத்தார் எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த நெறிமுறை செல்லும் என்றது. "இதை எடுத்துவிட்டு வேறு பில் கொடுங்கள்" என்று கேளுங்கள். பரிமாறிய பையனுக்குக் கொடுக்க விருப்பமானால் அவன் கையில் கொடுங்கள்.

கடையில் 20 ரூபாய் தண்ணீர் பாட்டிலுக்கு 50 ரூபாய் வாங்கினார்கள். வழக்குப் போடலாமா?
– வாசகர், ஊத்தங்கரை

இதில் உங்கள் பக்கம் பேச முடியவில்லை ஐயா. உட்கார வைத்துப் பரிமாறும் உணவகங்கள் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் சொல்லிவிட்டது. எனக்குப் பிடிக்காத தீர்ப்புதான். வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுபோங்கள்.

செயலியில் பீட்சா கேட்டேன். ஒன்றேகால் மணி நேரம் கழித்து, சவுக்கு சவுக்கென்று ஆறிப்போய் வந்தது. கொண்டுவந்த பையனை நன்றாகத் திட்டிவிட்டேன். பணத்தைத் திரும்பப் பெற முடியுமா?
– வாசகர், தருமபுரி

அந்தப் பையனா மாவு பிசைந்தான்? அவனா அடுப்பில் வைத்தான்? திட்ட வேண்டியவர் கண்ணில் படவில்லை என்பதற்காகப் படியேறி வந்தவனைத் திட்டியிருக்கிறீர்கள். அவன் மறுபடி உங்கள் தெருவுக்கு வந்தால் ஒரு சொம்பு தண்ணீர் கொடுங்கள்.

இனி பணத்துக்கு வருவோம். பெட்டியைத் திறந்ததும் நேரம் தெரியும்படி படம் எடுத்து, செயலியிலேயே புகார் போடுங்கள். இணைய வணிக நிறுவனம் ஒவ்வொன்றும் குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும். புகார் வந்து சேர்ந்ததை 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இது 2020ஆம் ஆண்டு விதி. தானாகப் பதில் சொல்லும் இயந்திரத்தோடு மல்லுக்கட்டாமல் அந்த அலுவலரின் மின்னஞ்சலைத் தேடி எழுதுங்கள்.

ஆறிய பீட்சாவை எறிந்துவிடாதீர்கள். மூடிய அட்டைப்பெட்டிக்குள் ஆவி தேங்கித்தான் அடிப்பாகம் நமத்துப்போகிறது. தோசைக்கல்லைச் சிறு தீயில் காயவைத்து, எண்ணெய் விடாமல் துண்டுகளை வைத்து, மூடி போட்டு மூன்று நான்கு நிமிடம் விடுங்கள். என் பேரன் கற்றுக்கொடுத்தது.

பீட்சாக் கடைக் கவுண்டரில் ஆறு மாதமாக வேலை பார்க்கிறேன். தவறு எங்களுடையது என்று தெரிந்தாலும் மாற்றிக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. மேலாளரைக் கூப்பிட்டால் எரிந்து விழுகிறார். வாடிக்கையாளரோ என்னைத் திட்டுகிறார். நான் என்ன செய்வது?
– வாசகர், கிருஷ்ணகிரி

தம்பி, பாலக்கோட்டு அம்மாவின் கடிதத்துக்குக் கீழே உன் கடிதம் வந்து சேர்ந்தது நல்லதாகப் போயிற்று. மன்னிப்புக் கேட்க மேலாளரின் அனுமதி வேண்டியதில்லை. "தவறு எங்களுடையதுதான் அம்மா, உட்காருங்கள்" என்று முதலில் சொல்லிவிடு. கம்ப்யூட்டரில் அப்படித்தான் வருகிறது என்ற பேச்சை மட்டும் எடுக்காதே. அதைக் கேட்டால் எனக்கே கை ஓங்கத் தோன்றும். கூட்டம் இல்லாத மதிய நேரத்தில் மேலாளரிடம், "300 ரூபாய் வரை நானே மாற்றிக் கொடுக்கிறேன், நோட்டில் எழுதி வைக்கிறேன்" என்று கேட்டுப் பார். வாரம் எத்தனை என்று எண்ணிக் காட்டினால் ஒத்துக்கொள்வார்.

அதற்கும் எரிந்து விழுந்தால் வேறு இடம் பார். இங்கிருந்து ஓசூர் வரை 'ஆட்கள் தேவை' பலகை மாட்டாத கடை எது?