சீன, ஜப்பானிய எழுத்துகளைப் படிக்கக் கட்டணமில்லாத அகராதிகள் உண்டா?

திருப்பூரில் பின்னலாடைத் தொழிலில் இருக்கும் நீங்கள், சீன இயந்திரக் கையேடுகளையும் ஜப்பானிய வாடிக்கையாளர்களின் ஆர்டர்களையும் நீங்களே படிக்க விரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். தாராளமாகப் படிக்கலாம். அகராதிக்கென்று ஒரு ரூபாய்கூடச் செலவாகாது.

ஜப்பானியத்துக்கு ஜேஎம்டிக்ட். ஆஸ்திரேலியாவின் ஜிம் பிரீன் 1991-இல் தொடங்கிய எடிக்ட் கோப்பிலிருந்து வளர்ந்தது. அதன் துணையான கான்ஜிடிக்கில் 13,108 கான்ஜிகளின், அதாவது ஜப்பானியத்தில் வழங்கும் சீன எழுத்துகளின், ஒலிப்பும் பொருளும் உண்டு. எண்ணிக்கையைப் பார்த்து மலைக்க வேண்டாம்; ஜப்பானிய அரசின் அன்றாடப் பட்டியலில் இருப்பவை 2,136தான். சீனத்துக்கு சிசி-செடிக்ட்: மரபு வடிவம், எளிய வடிவம், பின்யின் (ரோமன் எழுத்தில் எழுதிய) ஒலிப்பு, ஆங்கிலப் பொருள் எல்லாம் ஒரே வரியில்.

நான் மிகவும் மதிப்பது, கான்ஜி எழுத்துகளை எழுதும் முறையைக் காட்டும் கான்ஜிவிஜி என்ற தொகுப்பு. எழுத்தின் ஒவ்வொரு கோடும் எங்கே தொடங்கி எந்தத் திசையில் போகிறது, எந்த வரிசையில் வருகிறது என்பதோடு, எழுத்து எந்த உறுப்புகளால் ஆனது என்பதையும் அது தருகிறது. உறுப்புகள் பழகிவிட்டால் புதிய எழுத்தும் பாதி தெரிந்ததாகிவிடும். மனப்பாடத்தை விட்டு இங்கிருந்து தொடங்குங்கள்.

ஓர் எச்சரிக்கை: கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் யுனிகோடில் இரு மொழிக்கும் பொதுவான குறியெண்கள் ஏராளம். எழுத்துரு மாறினால் வடிவமும் சற்று மாறும். ஜப்பானியத்துக்கு ஜப்பானிய எழுத்துருவையே வையுங்கள்.

குறை, தமிழ்ப் பொருள் இல்லாததுதான். கோவை, ஈரோடு கல்லூரி மாணவர்கள் அதைச் சேர்க்க முன்வர வேண்டும். மூலத்தைக் குறிப்பிட்டு, அந்த மூலத்தின் உரிமத்திலேயே வெளியிட்டால் தடையில்லை.